மூன்று கிழமையாக மீனில்லை

டிக்-சக். டிக்-சக். சத்தம் இடப்பக்கத்தில், உயரமான எதற்கோ பின்னாலிருந்து வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசலில் தொங்கும் தடித்த பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு, வெளிக்குளிரிலிருந்து களஞ்சியத்துக்குள் கால் வைத்த உடனே மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாய்ப் புகைத்துவிட்டது. துடைக்காமல் அப்படியே நின்று கேட்டேன். டிக்-சக். லேபிள் ஒட்டுகிற துவக்கின் சத்தம் இது, எனக்குத் தெரியும், எங்கள் மீன் மண்டபத்திலும் வேலை முடிகிற நேரத்தில் ஒருவன் இப்படித்தான் பெட்டி பெட்டியாய் அடித்துக்கொண்டு போவான். சரி, ஒட்டுகிறார்கள். எதன்மேல் எதை ஒட்டுகிறார்கள்? காலை பத்து மணிகூட ஆகவில்லை, சனம் வரவில்லை, அதற்குள் என்ன அவசரம்? கப்பலில் இரண்டு மாதம், துறைமுகத்தில் ஒரு மாதம் என்று கிடந்து வருகிற சாமானுக்குத் திகதி என்பது ஒரு கடதாசித் துண்டு. கடதாசிக்கு மேல் கடதாசி ஒட்டினால் செத்த திகதி எழும்பி நடக்கும். பாரிசுக்கு வெளியே, பழைய தகரத் தொழிற்சாலைகளுக்கு நடுவில், கூரை தெரியாத உயரத்துக்கு எங்கள் நாட்டுச் சாமான்களை அடுக்கி வைத்திருக்கிற இந்த இடத்துக்குப் பதினோரு வருடமாக வருகிறேன், ஒரு நாளும் திகதி பார்க்காமல் ஒரு பேணி எடுத்ததில்லை. கண்ணாடியைச் சேட்டு நுனியால் துடைத்துப் போட்டேன். அரிசி மூட்டைச் சுவருக்குப் பின்னால் தடித்த சுவெட்டர் போட்ட ஒரு பெண் குரக்கன் மா பைக்கற்றுகளில் விலைதான் ஒட்டிக்கொண்டிருந்தாள், திகதி அல்ல, விலை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள்? முன்பின் தெரியாத மனிதனை, அதுவும் விடிய விடிய மீன்பெட்டி தூக்கிய நாற்றத்தோடு வந்து நிற்கிறவனைப் பார்த்து ஒரு பெண் எதற்காக இவ்வளவு இரக்கமாகச் சிரிக்கவேண்டும்? இரக்கம் என்றா நினைத்தேன்? ஓம், இரக்கம் என்றுதான் நினைத்தேன். அதுதான் இப்போதைய என் வருத்தம்.

என் அண்ணன் செத்துப்போய்விட்டார் என்றும், அதை எனக்கு மறைக்கிறார்கள் என்றும் நான் சந்தேகப்படத் தொடங்கி இன்றைக்கு ஒன்பது நாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைத்தான் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன். கையில் பவளம் எழுதித் தந்த பட்டியல் இருக்கிறது. என் மனைவியின் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், பிழை விடமாட்டாள். கத்தரிக்காய், வாழைக்காய், பயறு, உளுந்து, தேங்காய்ப்பால் ஆறு பேணி, முருங்கைக்காய் என்று ஒழுங்காகப் போகிறது. கருவாடு இல்லை, நெத்தலி இல்லை, மாசி இல்லை, முட்டைகூட இல்லை. மூன்று கிழமையாக எங்கள் வீட்டில் மீனில்லை. மீன் சந்தையில் வேலை செய்கிறவன் வீட்டில்! வெள்ளிக்கிழமை தவிர்த்து எந்த விடியலும் ஒரு துண்டு பாரையோ சீலாவோ கடதாசியில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு வருகிறவன் நான். மூன்று கிழமைக்கு முந்தின புதன்கிழமை அப்படி வந்து கதவைத் திறந்தபோது பவளம் தலை முழுகி, ஈரத்தலையோடு நின்றாள். தை மாதக் குளிரில், காலை எட்டு மணிக்கு. பொதியைப் பார்த்ததும், "உதைக் கொண்டுபோய்க் கீழ்வீட்டு மனுசிட்டக் குடுங்கோ, இனிக் கொஞ்ச நாளைக்கு உது வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "டொக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவரெல்லே." டொக்டர் சொன்னது மீன் சாப்பிடச் சொல்லி. இரண்டு மாதத்துக்கு முன் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் விழுந்து, நெஞ்சுக்குள் குழாய் வைத்து என்னை அனுப்பியபோது அந்த மனிதர் கைவிரலை மடக்கி மடக்கிச் சொன்னவர், இறைச்சி வேண்டாம், பட்டர் வேண்டாம், மீன் நல்லது, கிழமைக்கு மூன்று தரம். எனக்குப் பிரெஞ்சு தெரியாதென்று பவளம் நினைக்கிறாளா? ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவன்தான், ஆனால் மீன் சுற்றுகிற பழைய பேப்பர்களை வாசித்து வாசித்தே இந்தப் பாசையைப் பிடித்தவன் நான், செத்தவர் பக்கமும் வானிலைப் பக்கமும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. மீன் என்ற சொல்லை எனக்கே பிழையாகச் சொல்லித் தருகிறாள்.

பிறகு விளக்கு. சாமித்தட்டில் விளக்கில்லை. கேட்டால் எண்ணெய் முடிந்துவிட்டதாம். குசினித் தொட்டிக்குக் கீழே ஒரு போத்தல் எண்ணெய் உடைக்காமல் இருந்ததை நான் கண்ணால் கண்டேன், சரி, முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம், அப்படியென்றால் இந்தப் பட்டியலில் விளக்குக்கு எண்ணெய் எங்கே? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை, முழங்கால் நோவாம். தோழியின் மகளுடைய சாமத்தியவீட்டுக்கென்று சட்டை தைப்பித்து வைத்திருந்தாள், அன்றைக்குக் காய்ச்சலாம், நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், பச்சைத்தண்ணீர் மாதிரிக் குளிர்ந்துபோய் இருந்தது. மீனில்லை, விளக்கில்லை, கோயிலில்லை, நல்ல காரியத்துக்குப் போகவில்லை. இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. துடக்கு. முப்பத்தொரு நாள். அதுவும் யார் செத்தாலும் வருகிற துடக்கு அல்ல. பவளத்தின் ஆட்கள் செத்தால் இவ்வளவு இல்லை, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அது மூன்று நாளோடு போய்விடும். என் பக்கத்தில், என் தகப்பன் வழியில் ஒரு உயிர் போயிருந்தால்தான் என் வீட்டு அடுப்பு இப்படி முப்பத்தொரு நாள் சுத்தம் காக்கும். என் தகப்பன் வழியில் மிஞ்சியிருப்பது யார்? ஊரில் அண்ணன். அண்ணனின் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு ஏதும் என்றால், இளவயதுச் சாவு, அது ஊர்ப் பேப்பரிலேயே வந்திருக்கும். அண்ணனுக்கு அறுபத்துநாலு வயது, சீனி வருத்தம், இழுப்பு. எனக்குத் தெரியாமல் என்னையே துடக்குக் காக்க வைத்திருக்கிறாள் இந்தப் பெண். என் நெஞ்சுக்குள் இருக்கிற குழாய்க்குப் பயந்து, என் அண்ணனின் சாவை மரக்கறியாகச் சமைத்துச் சமைத்து எனக்கே போடுகிறாள்.

தேங்காய்ப்பால் ஆறு பேணி. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து ட்ரொலிக்குள் வைத்தேன். மூன்றாவது பேணியில் நசுங்கல், திருப்பி வைத்தேன். அண்ணனோடு கதைத்து ஆறு வருடம். அம்மாவின் செத்தவீட்டன்று கதைத்ததுதான் கடைசி. அகதிக் கடவுச்சீட்டில் மற்ற எல்லா நாட்டுக்கும் போகலாம், ஒரு நாட்டுக்கு மட்டும் போகேலாது என்று அச்சடித்திருக்கிறார்கள், அந்த ஒரு நாட்டில்தான் அம்மா செத்துக் கிடந்தார். போனில் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். எல்லாரும் செய்கிறதுதானே? இங்கே அறைக்கு அறை சனம் சுவரில் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு தாய் தகப்பனுக்கு அழுகிறது. அண்ணன் போனை வாங்கி, "அம்மா என்ன படமோ? பாக்கவேணுமெண்டா வந்து பார்" என்றார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இந்த ஆறு வருடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். நான்தான் போனை வைத்தேன். வைத்த விரல் எது என்றுகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு எடுக்கலாம், எடுக்கலாம் என்று ஆறு வருடம். அண்ணி மட்டும் விடவில்லை. சனிக்கிழமை தவறாமல் அவவின் போனிலிருந்து எடுப்பா, கோழி அடைகாத்தது, கிணறு வற்றியது என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில், "கொண்ணன் உம்மைச் சுகம் கேக்கச் சொன்னவர்" என்பா. அண்ணன் கேட்டிருக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். மூன்று சனிக்கிழமையாக அந்த அழைப்பும் இல்லை. அதைத்தான் நான் கடைசியாகக் கூட்டினேன். புருசனைப் பறிகொடுத்த மனுசி எப்படிப் போன் எடுத்துக் கோழியைப் பற்றிக் கதைப்பா? எடுத்தால் குரலில் பிடிபட்டுவிடுவா. அதனால்தான் எடுக்கவில்லை. கணக்குச் சரியாக வந்தது. சரியாக வந்த கணக்கோடு ஒன்பது நாளாக நித்திரை இல்லை.

பயறு இருந்த தட்டைத் தாண்டி, பட்டியலில் இல்லாத இடத்துக்கு ட்ரொலியைத் திருப்பினேன். ஐஸ்மீன் பெட்டிகள் இருக்கிற மூலை. வேண்டுமென்றேதான். ஒரு ஒட்டிமீன் பைக்கற்றை வாங்கிக்கொண்டுபோய் மேசையில் வைத்து, பவளத்தின் முகத்தைப் பார்க்கவேண்டும். அடுப்பில் ஏற்றமாட்டாள். ஏன் என்று கேட்பேன். பொய் சொல்ல அவளுக்கு இன்னும் எத்தனை முழங்கால் நோ இருக்கிறது என்று பார்க்கலாம். பெட்டிக்குள் பாதி உடம்பை விட்டுப் பைக்கற் அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். இன்பன். பேரின்பன் என்பது முழுப்பெயர், இங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம், வாய் சும்மா இருக்காது.

"ஐயோ குலம் அண்ணை! விடிய விடியப் பச்சை மீனைத் தூக்கிப்போட்டு, இஞ்ச வந்து செத்து ஒரு வருசமான மீனைப் பாக்கிறியள். பேக்கறிக்காரன் பக்கத்துக் கடையில பாண் வாங்கினமாதிரி."

"ஒட்டி எங்கட பக்கம் வாறேல்லையடாப்பா."

"சும்மா சொல்லாதேங்கோ. வீட்டில சண்டையோ? அக்கா போன கிழமை வந்தவ, இந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை. நான் பகிடிக்குக் கேட்டன், என்னக்கா சாமியாராப் போகப்போறியளோ எண்டு. மனுசிக்குக் கண் கலங்கிப்போச்சு."

"கண் கலங்கினதோ?"

அவன் கையிலிருந்த பைக்கற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "வெங்காயச் சாக்கடியில நிண்டவ அண்ணை. அது கண்ணை எரிக்கும்." குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு உடம்பு இப்ப எப்பிடி? பாரம் தூக்காதேங்கோ. அரிசி மூட்டையை நான் கொண்டுவந்து காருக்குள்ள வைக்கிறன்" என்றான்.

இன்பன் யாருக்கும் மூட்டை தூக்கிக் கொடுத்ததில்லை. வெங்காயம் இந்தக் களஞ்சியத்தில் மற்றக் கோடியில் இருக்கிறது, மரக்கறிப் பக்கம். இவனுக்கும் தெரியும். சுவெட்டர் போட்ட பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். நான் ஒருவன்தான் இந்த ஊரில், கையில் ஐஸ் பிடித்த ஒட்டிமீனோடு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறேன். பைக்கற்றை ட்ரொலிக்குள் போட்டுக்கொண்டு, ஒடியல் மாவும் பனங்கட்டியும் அடுக்கியிருந்த சந்துக்குள் போனேன். அங்கே ஆளில்லை. உள்ளங்கை விறைத்துப்போயிருந்தது, அதில் நெஞ்சின் துடிப்புத் தெரிந்தது, இது நல்லதுக்கில்லை, உட்காரவேண்டும் என்று நினைத்தேன், உட்கார இடமில்லை. நேரம் பத்து. அங்கே இரண்டரை. எடுத்தால் என்ன? ஒன்பது நாளாக இந்தப் போன் சட்டைப்பையில்தானே இருக்கிறது. எடுக்காதவரைக்கும் அண்ணன் செத்தும் இருக்கிறார், சாகாமலும் இருக்கிறார். எடுத்தால் ஒன்றுதான். கோபத்தோடேயே போய்விட்டாரா? கடைசி நேரத்தில் என் பெயரைச் சொன்னாரா, சொல்லவில்லையா? இதைத்தான் கேட்கப்போகிறேனா அண்ணியிடம்? அண்ணனின் நம்பரை எடுக்க எனக்குத் துணிவில்லை, செத்தவரின் போன் சும்மா அடித்துக்கொண்டே இருந்தால் அதை என்னால் தாங்கேலாது. அண்ணியின் நம்பரை அமத்தினேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அழுகிற குரல் வரும் என்று காதை இறுக்கிக்கொண்டு நின்றேன். எடுபட்டது. இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியும், ஒரே பாயில் பதினாறு வருடம் பக்கத்தில் கிடந்து கேட்ட இருமல்.

"தம்பியோ?"

அண்ணன். அண்ணன் இருக்கிறார். பனங்கட்டிப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டேன். கூரையில் ஏதோ குழல் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, எல்லாம் வடிவாக இருந்தது, ஒடியல் மாப் பைக்கற்றில் அச்சடித்திருந்த பனைமரம்கூட வடிவாக இருந்தது. விசரன், நான் ஒரு விசரன், பவளத்துக்கு உண்மையாகவே முழங்கால் நோ, உண்மையாகவே காய்ச்சல், வெங்காயம் உண்மையாகவே கண்ணை எரிக்கும்.

"ஓம் அண்ணை."

"சுகமோ? நெஞ்சுக்குள்ள குழாய் வைச்சவங்களாம்."

"ஓம். இப்பக் காரியமில்லை. ஆர் சொன்னது?"

"கொண்ணிதான்." உன் அண்ணி என்பதை அவர் எப்போதும் அப்படி ஒரே சொல்லாய்த்தான் சொல்வார். "பாரம் தூக்காதை. உந்த மீன்வேலையை விட்டுப்போட்டு வேறை ஏதும் பார்."

"பாப்பம். நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?"

"ஓ. பெடியன் ஏதோ வைச்சவன். பருப்பும் ஏதோ ஒரு கீரையும். உப்புக் கூட."

ஆறு வருடத்துக்குப் பிறகு உப்பைப் பற்றிக் கதைத்தோம். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒன்று தட்டியது. பெடியன் ஏன் சமைக்கிறான்? அந்த வீட்டில் ஆம்பிளைகளைக் குசினி வாசற்படி தாண்டி அண்ணி விட்டதேயில்லை. அதோடு, நான் அண்ணனுக்கு எடுக்கவில்லை. அண்ணியின் நம்பருக்கு எடுத்தேன். அந்தப் போனை ஒரு நாளும் தொடாத மனிதர், மேசையில் அடித்தால்கூட "உன்ர சாமான் கத்துது" என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர், திரையில் என் பெயரைப் பார்த்து எடுத்திருக்கிறார். நான் கேட்கக்கூடாது. கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டேன்.

"அண்ணி எங்கை?"

அந்தப் பக்கம் காகம் ஒன்று கத்தியது. மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

"கோயிலுக்குப் போட்டா. போனை வைச்சிட்டுப் போட்டா."

மத்தியானம் இரண்டரை மணி. பூசை முடித்துப் பன்னிரண்டரைக்குக் கதவு பூட்டினால் நாலரைக்குத்தான் திறப்பார்கள், அந்தக் கோயிலின் வெளிவீதியில் இந்த நேரத்தில் ஆடும் நாயும்தான் படுத்திருக்கும். அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பழக்கமில்லை. அந்த வீட்டில் அதற்கென்று வேறு ஒரு ஆள் இருந்தா. கட்டிக்கொண்டு வந்த பெண்ணும் எங்கள் வழிதான், எங்கள் துடக்குத்தான், முப்பத்தொரு நாள்தான். ஒன்பது நாளாக ஒவ்வொரு உயிராக எண்ணிப் பார்த்தவன் அவவை எண்ணவேயில்லை. கதைக்கிறவ எப்படிச் சாவா என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை அவ எடுக்காததைக் கொண்டுபோய் அவவின் புருசனுக்குச் சேர்த்துவிட்டேன். நெஞ்சு வலிக்கிறதா என்று பார்த்தேன். வலிக்கவில்லை. குழாய் தன் வேலையைச் செய்தது.

"வந்தா, நான் எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன்." காகத்தைச் சூ என்று விரட்டிவிட்டு, "உன்னைக் கேட்டவ. எடுக்கேலாமப் போச்செண்டு..." என்றார். பிறகு, தொண்டையைச் செருமி, "இனிச் சனிக்கிழமையில நான் எடுக்கிறன். அவவுக்குக் காது அவ்வளவு கேக்கிறேல்லை" என்றார்.

"ஓம் அண்ணை. நீங்கள் எடுங்கோ."

"என்ன நேரம் சரி?"

"இதே நேரம் சரி."

இந்தத் தரம் அண்ணன்தான் வைத்தார். நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். அழவேண்டும் என்று நினைத்தேன், ஆனால் அழுதால் தெரியும், முகம் வீங்கினால் பவளம் கண்டுபிடிப்பாள், கண்டுபிடித்தால் அண்ணன் சொன்ன பொய் வீணாகப் போய்விடும், அவள் மூன்று கிழமையாகக் காத்ததும் வீணாகப் போய்விடும். தனியே ஒரு குசினிக்குள் அழுதுவிட்டு ஈரத்தலையோடு வந்து எனக்குக் கதவு திறந்தவள். அண்ணியும் அவளும் சொந்த அக்கா தங்கை மாதிரி, சனிக்கிழமை நான் கதைத்து முடித்த பிறகு போனை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய் ஒரு மணித்தியாலம் சிரிப்பார்கள். அவளுக்கு ஆறுதல் சொல்ல இந்த நாட்டில் ஒருவரும் இல்லை, என்னைத் தவிர, எனக்கோ தெரியாது. இன்னும் பத்து நாள். பத்தாம் நாள் அவள் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி எட்டுக் கறி வைத்துப் படைப்பாள், நானும் என்ன விசேசம் என்று கேட்பேன், அவளும் ஏதோ சொல்வாள். இரண்டு பேரும் சாப்பிடுவோம். திரும்பி நடந்து ஐஸ்பெட்டிக்கு வந்து, ஒட்டிமீன் பைக்கற்றை எடுத்த இடத்திலேயே வைத்து மூடினேன். இன்பன் பார்த்தான். அவன் வாய் சும்மா இருந்ததை நான் கண்டது இன்றைக்குத்தான். சட்டைப்பைக்குள் போன் அடித்தது.

"என்னப்பா, எங்க நிக்கிறியள்? பிந்துது." பவளம்.

"கடையிலதான்."

"மீன் கீன் ஒண்டும் எடுக்கேல்லைத்தானே?"

"இல்லை."

"ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? நெஞ்சுக்கு ஏதுமோ?"

"ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிறன். குளிருது."

"அங்க ஏன் போய் நிக்கிறியள்? இஞ்சால வாங்கோ." அவள் மூச்சு விடுவது கேட்டது. "முருங்கைக்காய் முத்தலில்லாமப் பாத்து எடுங்கோ. போன முறை எடுத்தது முழுக்க நார்."

"சரியப்பா."

பட்டியலை விரித்துப் பார்த்தேன். மரக்கறிப் பக்கம் இப்போது சனம் சேர்ந்திருந்தது. விமானத்தில் வந்த பெட்டிகளை அப்போதுதான் உடைத்திருந்தார்கள், முருங்கைக்காய்களை ஈரப் பேப்பரில் கட்டுக்கட்டாகச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு கட்டை அவிழ்த்து, ஒரு காயை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்த்தேன். விறைப்பு. முற்றல். அதை ஒருபக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.